பாலங்களுக்காக நடந்த போர்



சில மாதங்களுக்கு முன் ஆறாம் ஆண்டு வகுப்பில் இரண்டாம் உலகப் போரைப் பற்றிப் பேச்சு வந்தது. பாராசூட் கட்டிக்கொண்டு வானத்திலிருந்து குதித்த ஜெர்மானியச் சிப்பாய்களின் கதையைச் சொல்லிக் கொண்டிருந்தேன். வழக்கமாகக் கடைசி பெஞ்சில் தூங்கி வழியும் பையன்கூட நிமிர்ந்து உட்கார்ந்து விட்டான். கதை முடிந்ததும் ஒரு மாணவன் எழுந்து, "சார், மேல இருந்து குதிச்சுப் பாலத்தைப் பிடிச்சவன்தானே சார் பெரிய வீரன்?" என்று கேட்டான்.

"ஆமாம்" என்று சொல்லி விட்டிருக்கலாம். மணியும் அடிக்கிற நேரம். ஆனாலும் வாய் வரவில்லை. "இன்னொரு நாள் சொல்றேன், உட்காருப்பா" என்று சமாளித்து விட்டேன். அந்த இன்னொரு நாள் இன்றுதான் வந்திருக்கிறது. அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைப் பரிசளிப்பு விழா மலரிலேயே எழுதி விடுகிறேன். அவனோடு சேர்ந்து நீங்களும் படியுங்கள்.

ஏன் பாலம்?

படை என்பது வெறும் மனிதர்கள் மட்டுமல்ல. பீரங்கி, டாங்கி, லாரி, உணவு, மருந்து, பெட்ரோல் எல்லாம் கூடவே வர வேண்டும். மனிதன் நீந்துவான், டாங்கி நீந்துமா? ஆகவே ஆறு குறுக்கிட்டால் பாலம் வேண்டும். காப்பவன் பாலத்தை வெடி வைத்துத் தகர்த்து விட்டால், தாக்க வருகிறவன் ஆற்றங்கரையில் நின்று கையைப் பிசைய வேண்டியதுதான்.

இதில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது. பாலத்தைச் சீக்கிரமே தகர்த்து விட்டால், தன் சொந்தப் படையும் மக்களும் அக்கரையில் மாட்டிக் கொள்வார்கள். தாமதித்தால் பகைவன் அதன்மேல் ஏறி வந்து விடுவான். எப்போது வெடிப்பது, யார் உத்தரவிடுவது என்ற கேள்விக்குச் சில நிமிடங்களில் பதில் தெரிய வேண்டும். 1940ஆம் ஆண்டில் ஜெர்மனி அந்தச் சில நிமிடங்களைத்தான் குறி வைத்தது. திடீரென்று வானத்திலிருந்து இறங்கி, காவல்காரன் கண்ணைக் கசக்கிப் பார்ப்பதற்குள் பாலத்தைப் பிடித்து விடுவது. பின்னால் தரை வழியாகக் காலாட்படை வந்து சேரும் வரை விடாமல் வைத்திருப்பது. திட்டம் இவ்வளவுதான். சொல்வதற்குச் சுலபம்!

முதல் ஒத்திகை

1940 ஏப்ரல் 9ஆம் நாள் விடியற்காலை ஜெர்மனி டென்மார்க்கின் மேல் பாய்ந்தது. அந்நாட்டில் ஸ்டோர்ஸ்ட்ரோம் என்ற நீண்ட பாலம் 1937இல் திறக்கப்பட்டிருந்தது. மூன்று கிலோ மீட்டருக்கும் மேல் நீளம். அதன் ஒரு முனையில் மாஸ்னெடோ என்ற சிறு தீவும் அதில் ஒரு பழைய கோட்டையும் இருந்தன. கேப்டன் வால்ட்டர் கெரிக்கே என்பவரின் தலைமையில் பாராசூட் வீரர்கள் அங்கே குதித்தார்கள். கோட்டையில் காவல் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. சண்டையே இல்லாமல் பாலம் கைக்கு வந்தது. தெற்கே கெட்சர் துறைமுகத்தில் கப்பலிறங்கிய காலாட்படை அந்தப் பாலத்தின் வழியே தலைநகரை நோக்கி நடந்தது. போரில் பாராசூட் படை பயன்படுத்தப்பட்ட முதல் சம்பவங்களில் இதுவும் ஒன்று. டென்மார்க் அன்றே பணிந்தது.

இது ஒத்திகை மாதிரிதான். உண்மையான நாடகம் ஒரு மாதம் கழித்து அரங்கேறியது.

ஆல்பர்ட் கால்வாய்

பெல்ஜியம் நாட்டின் கிழக்கு எல்லைக்கருகில் ஆல்பர்ட் கால்வாய் ஓடுகிறது. அதன் குறுக்கே வெல்ட்வெசெல்ட், வ்ரோன்ஹோவன், கான் என்ற மூன்று ஊர்களில் மூன்று பாலங்கள். அவற்றுக்குக் காவலாக எபன் எமல் என்ற கோட்டை. 1930களில் கட்டியது. குன்றைக் குடைந்து, கான்கிரீட்டும் இரும்பும் போட்டு, பீரங்கிகளைப் பதித்து வைத்திருந்தார்கள். அசைக்க முடியாத கோட்டை என்று பேர்.

கேப்டன் வால்ட்டர் கோக் என்பவரின் தலைமையில் ஏறக்குறைய 400 ஜெர்மானிய வீரர்கள் 1939 நவம்பரிலிருந்தே இரகசியமாகப் பயிற்சி செய்தார்கள். அவர்கள் கையாண்டது கிளைடர் எனப்படும் இயந்திரமில்லாத விமானம். வேறொரு விமானம் கயிறு கட்டி இழுத்துக் கொண்டு போய் உயரத்தில் விட்டு விடும். பிறகு பருந்து போலச் சத்தமில்லாமல் இறங்க வேண்டியதுதான். இயந்திரச் சத்தம் இல்லாததால் கீழே இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

1940 மே 10ஆம் நாள், விடிந்தும் விடியாத நேரம். கோட்டையின் கூரைமேல் கிளைடர்கள் வந்து இறங்கின. கோட்டைக்கென்று அனுப்பப்பட்டவர்கள் 85 பேர்தான். அவர்களின் தலைவர் ருடோல்ப் விட்சிக் வந்த கிளைடரின் இழுகயிறு ஜெர்மனியிலேயே அறுந்து போனது! தலைவர் இல்லாமலே மற்றவர்கள் வேலையை ஆரம்பித்து விட்டார்கள். அவர் வேறு விமானத்தை வரவழைத்துக் கொண்டு சில மணி நேரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தார். நடுவில் குழிவாகச் செய்த ஒரு புது வகை வெடியை இரும்புக் கவிகைகளின்மேல் வைத்து வெடித்தார்கள். அதில் பெரியது ஐம்பது கிலோ எடை. இரண்டு பாகமாகத் தூக்கிக் கொண்டு ஓட வேண்டும். வெடித்ததும் தீயும் உருகிய உலோகமும் ஊசி போல இரும்பைத் துளைத்தன. பீரங்கிகள் ஒவ்வொன்றாக ஊமையாயின. மறுநாள் காலாட்படையும் பொறியியல் படையும் வந்து சேர்ந்ததும், நண்பகலில் கோட்டை பணிந்தது. கோட்டையில் இறங்கியவர்களில் ஆறு பேர் மட்டுமே மாண்டார்கள்.

சரி, பாலங்கள் என்ன ஆயின? கான் பாலத்தைத் தகர்க்கும் அதிகாரம் கோட்டைத் தலைவரிடம் இருந்தது. அவர் உத்தரவிட்டார், பாலம் ஜெர்மானியரின் கண் முன்னாலேயே இடிந்து விழுந்தது. மற்ற இரண்டு பாலங்களுக்கும் பொறுப்பான அதிகாரி வேறோர் ஊரில், லானக்கன் என்ற இடத்தில் இருந்தார். அவருடைய அலுவலகத்தின்மேல் அன்று காலையில் குண்டு விழுந்து அவர் மாண்டார். உத்தரவு போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. இரண்டு பாலங்களும் முழுசாக ஜெர்மானியர் கையில் விழுந்தன.

மாணவர்களே, இதைக் கவனியுங்கள். ஒரே காலை, ஒரே கால்வாய், ஒரே மாதிரி வெடிமருந்து. ஆனால் உத்தரவிட வேண்டியவர் பக்கத்தில் இருந்த பாலம் பகைவனுக்குக் கிடைக்கவில்லை. உத்தரவுக்காகக் காத்திருந்த பாலங்கள் போய் விட்டன.

மிதவை விமானமும் டிராம் வண்டியும்

அதே மே 10ஆம் நாள், அதே விடியற்காலை, ஹாலந்து நாட்டிலும் வானம் இருண்டது. அந்நாடு முதல் உலகப் போரில் நடுநிலை வகித்துத் தப்பித்த நாடு. இம்முறையும் தப்பி விடலாம் என்றுதான் நம்பியிருந்தார்கள். நாட்டின் தெற்கே அகலமான ஆறுகள் அகழி போல் ஓடுகின்றன. அவற்றின்மேல் வரிசையாக மோர்டைக், டோர்ட்ரெக்ட், ரோட்டர்டாம் ஆகிய மூன்று இடங்களில் பாலங்கள். மூன்றும் கிடைத்தால் நாட்டின் நடுவீட்டுக்கே கதவு திறந்த மாதிரி.

இந்த வேலை ஜெனரல் கூர்ட் ஷ்டூடென்டின் பாராசூட் படைக்கும், விமானத்தில் வந்திறங்கும் காலாட்படைக்கும் கொடுக்கப்பட்டது. மோர்டைக் பாலங்கள் ஒரு கிலோ மீட்டருக்கும் மேல் நீளமானவை. பாராசூட் வீரர்கள் இரண்டு கரையிலும் ஒரே நேரத்தில் குதித்து அவற்றைப் பிடித்தார்கள். டோர்ட்ரெக்டில் சண்டை கடுமையாக இருந்தது. அங்கே குதித்த கம்பெனியின் தலைவரே அன்று உயிரிழந்தார்.

ரோட்டர்டாமில் நடந்ததோ சினிமாவில் காட்டினால்கூட நம்ப மாட்டோம்! பன்னிரண்டு பழைய மிதவை விமானங்கள் ஆற்று நீரிலேயே வந்து இறங்கின. அவற்றிலிருந்து ஏறக்குறைய 120 வீரர்கள் ரப்பர்ப் படகுகளில் கரையேறினார்கள். வேலைக்குப் போய்க் கொண்டிருந்தவர்கள் இது என்ன கூத்து என்று வேடிக்கை பார்த்து நின்றார்கள். இன்னொரு புறம், தெற்கே காற்பந்து அரங்கத்துக்கருகில் ஏறக்குறைய ஐம்பது பாராசூட் வீரர்கள் குதித்தார்கள். பாலம் கொஞ்ச தூரம். நடந்தால் நேரமாகும். என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு டிராம் வண்டியை மடக்கி, அதிலேறி மணியடித்துக் கொண்டு பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்!

அந்தப் பாலத்தின் பெயர் வில்லெம்ஸ். 1878இல் கட்டியது. வாலஹேவன் விமானத் தளமும் அன்று காலையே பிடிபட்டதால், போக்குவரத்து விமானங்களில் காலாட்படை வந்திறங்கியது. அதில் ஒரு பட்டாளத்துக்குத் தலைவர் லெப்டினன்ட் கர்னல் டீட்ரிக் வான் கோல்டிட்ஸ். இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் மறுபடியும் வரும்.

நாலு நாள் இழுபறி

இதுவரைக்கும் கேட்டால் ஜெர்மானியருக்கு எல்லாம் வெற்றி மாதிரித்தான் இருக்கும். ஆனால் டச்சுக்காரர்கள் கையைக் கட்டிக் கொண்டு நிற்கவில்லை. அரசாங்கம் அமர்ந்திருந்த ஹேக் நகரத்தைச் சுற்றி இறங்கிய ஜெர்மானியரை அன்றே விமானத் தளங்களிலிருந்து விரட்டி விட்டார்கள். அங்கே பிடிபட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பலேற்றி இங்கிலாந்துக்குக் கைதிகளாக அனுப்பப்பட்டார்கள். படையெடுப்பில் ஜெர்மனி இழந்த போக்குவரத்து விமானங்கள் மட்டும் இருநூற்றுக்கும் அதிகம்.

ரோட்டர்டாமில் டச்சுக் கடற்படையின் சிறு படகுகள் இரண்டு ஆற்றிலே வந்து, குண்டு தீரும் வரை பாலத்தடியில் இருந்தவர்களைச் சுட்டன. கடற்படைத் தரைவீரர்கள் வடகரையில் வீடு வீடாக நெருங்கி வந்தார்கள். பாலத்தின் வட முனையில் ஓர் ஆயுள் காப்புறுதி நிறுவனத்தின் பெரிய கட்டடம். அதற்குள் ஐம்பது அறுபது ஜெர்மானியர் மாட்டிக் கொண்டார்கள். நடுவிலே பாலம், இரு கரையிலிருந்தும் இயந்திரத் துப்பாக்கிகள். பாலத்தின்மேல் யார் காலை வைத்தாலும் பிணம். ஜெர்மானியன் தன் தோழனுக்கு ரொட்டி கொண்டு போக முடியவில்லை. டச்சுக்காரன் பாலத்தை மீட்கவும் முடியவில்லை. 13ஆம் தேதி டச்சுத் தரைவீரர்கள் துணிந்து பாலத்தின்மேல் ஓடிப் பார்த்தார்கள். இரு பக்கமும் குண்டு மழை. பலர் அங்கேயே விழுந்தார்கள்.

அதே 13ஆம் தேதி மோர்டைக் பாலத்தைக் குண்டு போட்டுத் தகர்க்க, டச்சு விமானப் படையில் எஞ்சியிருந்த ஒரே ஒரு நடுத்தரக் குண்டு விமானம் இரண்டு துணை விமானங்களோடு புறப்பட்டது. இரண்டே குண்டுகள். ஒன்று குறி தவறியது. மற்றொன்று பட்டும் வெடிக்கவில்லை! திரும்பும் வழியில் குண்டு விமானமும் துணை விமானம் ஒன்றும் சுட்டு வீழ்த்தப்பட்டன. டிராம் ஏறிப் போனவனை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். வெடிக்காத குண்டோடு போனவனையும் நினைக்க வேண்டாமா?

மே 14

பாராசூட் வீரன் பாலத்தைப் பிடிக்கலாம். ஆனால் அவனிடம் பீரங்கி இல்லை, டாங்கி இல்லை. பின்னால் வருகிறவர்கள் வந்து சேராவிட்டால் அவன் கதை முடிந்தது. மோர்டைக் வழியாக ஜெர்மன் டாங்கிப் பிரிவு வந்து சேர்ந்து விட்டது. ஆனாலும் வில்லெம்ஸ் பாலத்தைத் தாண்ட முடியவில்லை. ஜெர்மன் மேலிடத்துக்குப் பொறுமை போய் விட்டது.

14ஆம் தேதி காலையில், சரணடையாவிட்டால் நகரம் அழியும் என்று ஒரு கடிதம் டச்சுத் தளபதி கர்னல் ஸ்காருவிடம் கொடுக்கப்பட்டது. அதில் அனுப்பியவர் பெயருமில்லை, பதவியுமில்லை, கையெழுத்துமில்லை. "முறைப்படி எழுதிக் கொண்டு வாருங்கள்" என்று அவர் திருப்பியனுப்பினார். இரண்டாவது கடிதம் எழுதப்பட்டது. மாலை 4.20 வரை அவகாசம். அதை வாங்கிக் கொண்டு டச்சு அதிகாரி திரும்பிக் கொண்டிருக்கும்போதே, பகல் 1.30 மணியளவில், குண்டு விமானங்கள் தலைக்குமேல் வந்து விட்டன.

தாக்குதலை நிறுத்தச் சொல்லிக் கீழே இருந்த ஜெர்மானியர் சிவப்பு வாணங்களைச் சுட்டார்கள். ஏறக்குறைய 90 விமானங்கள் வந்தன. ஒரு பகுதி அதைப் பார்த்துத் திரும்பிப் போயிற்று. 57 விமானங்கள் குண்டுகளைக் கொட்டித் தீர்த்தன. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பிறகு தீ பிடித்தது. காற்றும் சேர்ந்து கொண்டது. ஏறக்குறைய 850 பேர் மாண்டார்கள். 80,000 பேர் வீடிழந்தார்கள். நகரத்தின் நடுப்பகுதி சாம்பல் மேடாயிற்று.

ரோட்டர்டாம் அன்றே பணிந்தது. மற்ற நகரங்களுக்கும் இதே கதி என்ற மிரட்டல் வந்ததால், மாலையில் டச்சுப் படைத் தலைவர் வின்கல்மன் சரணடைய முடிவு செய்தார். 15ஆம் தேதி ரைசோர்ட் என்ற ஊரில் கையெழுத்தாயிற்று.

பாலம் மட்டும் முழுசாக நின்றது. நகரம்தான் இல்லை.

அதன் பிறகு

1941 ஏப்ரல் 26ஆம் நாள் கிரேக்க நாட்டில் கொரிந்து கால்வாய்ப் பாலத்தின்மேலும் பாராசூட் வீரர்கள் இறங்கினார்கள். பாலத்தைப் பிடித்தார்கள், ஆனால் சண்டை நடக்கும்போதே அது வெடித்துக் கால்வாய்க்குள் விழுந்தது. அடுத்த மாதம் கிரீட் தீவு. தீவு கிடைத்தது, ஆனால் பல ஆயிரம் பேர் மாண்டும் காயப்பட்டும் போனார்கள். இனி இப்படிப் பெரிய அளவில் வானிலிருந்து இறக்குவதில்லை என்று ஹிட்லர் முடிவு கட்டினார்.

தீவு பிடிபட்ட பிறகு, எதிர்த்த கிராமத்து மக்களைப் பழி வாங்க உத்தரவு போட்டவர் யார் தெரியுமா? அதே ஜெனரல் ஷ்டூடென்ட். 1941 ஜூன் 2ஆம் நாள் கொண்டோமாரி என்ற கிராமத்து ஆண்களைத் தோப்பில் நிறுத்திச் சுட்டுக் கொன்றவர்கள் பாராசூட் வீரர்களே. குதிக்கத் தைரியம் இருந்தது. கையிலே ஆயுதமில்லாத விவசாயியைச் சுடமாட்டேன் என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

அந்தக் கோல்டிட்ஸ் என்ன ஆனார்? 1944 ஆகஸ்டில் அவர் ஜெனரலாகப் பாரிஸ் நகரத்தின் தளபதியாக இருந்தார். பாரிஸ் பகைவர் கையில் போனால் இடிபாடாகத்தான் போக வேண்டும் என்று ஹிட்லர் உத்தரவிட்டார். செய்ன் நதியின் பாலங்களும் அதில் அடக்கம். அவர் அவற்றை வெடிக்கவில்லை. ஆகஸ்ட் 25ஆம் நாள் சரணடைந்தார். மனச்சாட்சியா, செய்ய ஆள் பலம் இல்லையா என்று சரித்திர ஆசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அவரைப் புண்ணியவான் என்று சொல்லி விடவும் வழியில்லை. யூத மக்களை அழிக்கும் உத்தரவைத் தாம் நிறைவேற்றியதாக அவரே பேசியது, இங்கிலாந்தில் கைதியாக இருந்தபோது அவருக்குத் தெரியாமல் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. ஒரு நாளைய செயலை வைத்து ஒரு மனிதனை அளக்கக் கூடாது என்பதற்கு இவர் ஓர் உதாரணம்.

நம் மண்ணிலும்

இதெல்லாம் எங்கேயோ ஐரோப்பாவில் நடந்த கதை என்று நினைக்காதீர்கள். 1942 ஜனவரி 7ஆம் நாள் விடியுமுன், பேராக் மாநிலத்தில் துரோலாக் பக்கமிருந்து பெரிய சடக்கு வழியாக ஜப்பானிய டாங்கிகள் பாய்ந்து வந்தன. சிலிம் ரிவர் பாலத்தில் வெடி வைத்திருந்தும் அது வெடிக்கப்படவில்லை. பாலம் முழுசாகப் போயிற்று. இந்தியச் சிப்பாய்கள் நிறைந்த இரண்டு பிரிகேடுகள் அன்று ஒரே நாளில் சிதறின. நான்கே நாளில், ஜனவரி 11ஆம் தேதி, கோலாலம்பூர் விழுந்தது. ஜனவரி 31ஆம் தேதி ஜொகூர் பாலத்தைச் சரியாகத் தகர்த்தார்கள். ஆனால் என்ன பயன்? பிப்ரவரி 8ஆம் தேதி இரவு ஜப்பானியர் படகிலேறிச் சிங்கப்பூருக்குள் வந்து விட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த பாலம் நம் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாலம். சயாம் மரண ரயில் பாதைக்காக நம் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக ஆட்களை அள்ளிக் கொண்டு போனார்கள். மலாயாவிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர். காட்டிலே மண் சுமந்து, கட்டை தூக்கி, பாலம் கட்டி, காலராவிலும் பட்டினியிலும் மாண்டவர்களுக்குக் கணக்கு வைத்தவர் யாருமில்லை. போன தாத்தா திரும்பி வராத வீடுகள் இன்றும் நம்மிடையே உண்டு.

மாணவனுக்குப் பதில்

தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன். வானத்திலிருந்து குதித்தவனுக்குத் தைரியம் இருந்தது; அதை மறுக்க மாட்டேன். ஆனால் தைரியம் என்பது கத்தி மாதிரி. வைத்தியர் கையிலும் இருக்கும், திருடன் கையிலும் இருக்கும். அவன் எந்தப் பக்கம் நின்றான், யாருக்காகக் குதித்தான், அவன் பிடித்த பாலத்தின் வழியே பின்னால் எது வந்தது என்று கேட்க வேண்டும். ஹாலந்துக்குள் அந்தப் பாலங்களின் வழியே வந்தது ஐந்தாண்டு அடிமைத்தனம். அந்த ஐந்தாண்டில் அந்நாட்டு யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களுக்குக் கொண்டு போகப்பட்டுக் கொல்லப்பட்டார்கள்.

பழைய வில்லெம்ஸ் பாலம் இப்போது இல்லை. 1981இல் பக்கத்திலே சிவப்பு நிறத்தில் புதுப் பாலம் கட்டித் திறந்தார்கள். தீ எதுவரை பரவியது என்பதை ரோட்டர்டாம் நடைபாதைகளில் இன்றும் அடையாளமிட்டு வைத்திருக்கிறார்கள். இதயம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டையோடு, கைகளை வானத்தை நோக்கித் தூக்கிய ஒரு மனிதனின் சிலையும் 1953 முதல் அங்கே நிற்கிறது. பாலத்தைப் பிடித்தவனுக்கு அந்த ஊர் சிலை வைக்கவில்லை; இழந்ததற்குத்தான் வைத்திருக்கிறது.

நாளைக்கு நீ பொறியியலாளனாகிப் பாலம் கட்டுவாயோ, லாரி ஓட்டிப் பாலத்தைக் கடப்பாயோ, எனக்குத் தெரியாது. எதுவானாலும், அதைக் கட்டியவர்களை ஒரு நிமிடம் நினைத்துக் கொள். அன்றைக்கு உன்னை உட்காரச் சொல்லி விட்டேன். இன்றைக்குச் சொல்கிறேன்: நல்ல கேள்வி கேட்டாயப்பா. கேட்டுக் கொண்டே இரு.

பரிசு பெறும் மாணவர்களுக்கும், இந்த ஆண்டு பரிசு கிடைக்காமல் அடுத்த ஆண்டுக்காக முயலும் மாணவர்களுக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள்.